நம்ம ஊரில் இல்லாத கடலா?



சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பினாங்கு தண்ணீர்மலைக்குப் போயிருந்தேன். முருகனைத் தரிசித்துவிட்டு, படியிறங்கி வந்து நிழலில் உட்கார்ந்திருந்தபோது, "தம்பி, நல்லா இருக்கீங்களா?" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தால், செபராங் பிறையில் எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் பல ஆண்டுகள் பால்மரம் வெட்டிய அக்கா. தோட்டம் போய், லயமும் போய், இப்போது பட்டர்வொர்த் பக்கம் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். மூத்த மகன் லாரி ஓட்டுகிறார். இளைய மகள் விஞ்ஞானப் பட்டம் பெற்று, மேற்படிப்பும் முடித்து, ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறாள்.

குடும்ப நலம் விசாரித்து முடிந்ததும் அக்கா மெல்லத் தன் மனக்குறையைச் சொன்னார்.

"பாப்பா வெளிநாட்டுக்குப் போக மனு போடணும்னு நிக்கிறா தம்பி. மூணு மாசமாம். எதுக்குன்னு கேட்டா, கடலைப் பத்திப் படிக்கவாம். பினாங்கைச் சுத்தி நாலு பக்கமும் கடல்தானே இருக்கு? நம்ம ஊர்ல இல்லாத கடலா அங்கே இருக்கு? இங்கே இவளுக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து கேட்டுக்கிட்டு இருக்காங்க. நீங்கதான் எழுதுறவங்களாச்சே, ஒரு வார்த்தை சொல்லுங்க."

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. "விசாரித்துச் சொல்கிறேன் அக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். விசாரித்ததைத்தான் இந்த மாதம் உங்கள் முன்னால் வைக்கிறேன். இன்று இது ஒரு வீட்டுக் கேள்வியாக இருக்கலாம். நம் பிள்ளைகள் படிக்கப் படிக்க, நாளை இது பல வீடுகளின் கேள்வியாகும்.

கடலுக்கும் நமக்கும் என்ன?

முதலில் கடலுக்கும் தோட்டப்புறத்து மக்களுக்கும் என்ன தொடர்பு என்று பார்ப்போம். நம் பாட்டன் பூட்டன் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, கடலைத் தாண்டி, பினாங்கில் இறங்கியவர்கள். பலரை ஜெரெஜாக் தீவில் சில நாள் தனித்து வைத்திருந்துவிட்டுத்தான் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். கரை இறங்கியதோடு கடலின் உறவு முடிந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டோம். ஆனால் கடல் நம்மை விடவில்லை.

மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. பால்வெட்டு இல்லையென்றால் பேர் இல்லை. இது அந்தக் காலத்து லயத்துப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. செம்பனையிலோ நீண்ட வறட்சி வந்தால் பல மாதம் கழித்துக் குலை குறையும். அந்த மழையையும் வறட்சியையும் வானம் தனியாக முடிவு செய்வதில்லை. கடலும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது.

2019 செப்டம்பர் மாதத்தை நினைத்துப் பாருங்கள். புகைமூட்டம் சூழ்ந்து, பினாங்கிலும் பல பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று. இருமல் நிற்காத குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் கிளினிக் வாசலில் காத்திருந்தார்கள். காடு எரிந்தது இந்தோனேசியாவில் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தக் காடு அவ்வளவு காய்ந்து கிடந்ததற்குக் காரணங்களில் ஒன்று கடலில் இருந்தது.

வழக்கமான ஆண்டுகளில் சுமத்ராவை ஒட்டிய இந்தியப் பெருங்கடல் வெதுவெதுப்பாக இருக்கும். அந்த வெப்பத்தில் நீராவி எழுந்து, மேகம் திரண்டு, மழை பொழியும். சில ஆண்டுகளில் காற்று பலமாக வீசி, மேற்பரப்பின் சூடான நீரை மேற்குத் திசைக்குத் தள்ளிவிடுகிறது. அடியில் கிடக்கும் குளிர்ந்த நீர் மேலே வருகிறது. கடல் குளிர்ந்தால் மேகம் குறையும். சுமத்ராவின் கரிசதுப்பு நிலம் காயும். யாரோ வைக்கும் நெருப்பு அணையாமல் பற்றிக்கொள்ளும். அதே நேரத்தில் கடலின் மேற்குப் பக்கம் சூடேறி, ஆப்பிரிக்கக் கரையில் வெள்ளம் வரும். 2019-இல் நடந்தது இதுதான். 1997-இல், பசிபிக் கடலில் உண்டாகும் எல் நினோவும் இதுவும் சேர்ந்து வந்து நம்மை வாட்டின.

கடல் இப்படித் தராசுத் தட்டுப்போல ஆடுவதற்கு ஒரு பெயர் வைத்து, அதை உலகுக்கு விளக்கிய ஆய்வு வெளியானது 1999-இல். ஜப்பானியப் பேராசிரியர் தோஷியோ யமகாட்டாவும், இந்தியர்களான சாஜி, கோஸ்வாமி, விநயச்சந்திரன் ஆகியோரும் சேர்ந்து செய்த ஆய்வு அது. ஏறத்தாழ 40 ஆண்டுக் கடல் வெப்பக் கணக்கைப் புரட்டிப் பார்த்து, அவர்கள் அந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார்கள். தோட்டத்துக் கிராணியார் பழைய செக்ரோல் புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டு எந்த மாதத்தில் ஆள் குறைந்தது என்று பார்ப்பாரே, அப்படித்தான். ஆனால் இந்தப் புத்தகம் ஒரு நாட்டின் புத்தகம் அல்ல. பல நாட்டுக் கப்பல்கள் பல காலம் எழுதி வைத்த கணக்கு. அதைப் படித்தவர்களும் ஒரே நாட்டுக்காரர்கள் அல்லர்.

அக்காவின் கேள்விக்கு முதல் பதில் இங்கேயே இருக்கிறது. பினாங்கைச் சுற்றிக் கடல் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் பினாங்கில் மட்டும் நின்றுகொண்டு அதைப் புரிந்துகொள்ள முடியாது.

நான்கு மணி நேரம்

இதைவிடக் கசப்பான பாடம் ஒன்றும் உண்டு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மலேசிய நேரப்படி காலை மணி 8.58-க்கு வட சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. அந்த அலை சுமத்ராவின் வடமுனையைச் சுற்றிக்கொண்டு, மலாக்கா நீரிணைக்குள் புகுந்து, பினாங்குக் கரையைத் தொட்டபோது பிற்பகல் ஒரு மணி தாண்டிவிட்டது. இடையில் இருந்தது நான்கு மணி நேரம்.

அந்த நான்கு மணி நேரமும் கடற்கரையில் மக்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். விடுமுறை நாள். கடல் உள்வாங்கியதைப் பார்த்து, மீன் பொறுக்க இறங்கியவர்களும் உண்டு. மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள். அவர்களில் 52 பேர் பினாங்கு மாநிலத்தில் இறந்தவர்கள். அதே அலை எதிர்க்கரையில், நம் முன்னோர் கப்பலேறிய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. நம்மை இங்கே கொண்டுவந்த கடல், இரு கரையிலும் நம்மவர்களை ஒரே நாளில் அழ வைத்தது.

பசிபிக் கடலுக்கு அப்போது எச்சரிக்கை முறை இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு இல்லை. நிலநடுக்கத்தை உலகின் கருவிகள் சில நிமிடங்களிலேயே பதிவு செய்துவிட்டன. ஆனால் அந்தச் செய்தியை வாங்கி, கணக்குப் போட்டு, கரையில் நிற்கும் மனிதனிடம் சேர்ப்பதற்குக் கைகள் இல்லை. பிறகுதான் யுனெஸ்கோவின் கடலியல் குழு முன்நின்று நாடுகளைச் சேர்த்தது. ஹைதராபாத்தில் இந்தியாவின் எச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில் வேலையைத் தொடங்கியது. 2011 முதல் ஆஸ்திரேலியா, இந்தியா, இந்தோனேசியா ஆகிய மூன்று நாட்டு மையங்களும் இந்தக் கடல் முழுமைக்கும் தகவல் கொடுக்கின்றன. அதை வாங்கி நம் மக்களுக்குச் சொல்லும் பொறுப்பு நம் நாட்டு வானிலைத் துறையினுடையது.

அங்கே கருவிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? நம் வீட்டுப் பிள்ளைகளைப் போன்ற பிள்ளைகள்தாம். ஒருவர் கணக்கை மற்றவர் புரிந்துகொள்ள வேண்டும். ஒரே முறையில் அளக்க வேண்டும். அதற்கு அவர்கள் ஒருவரோடு ஒருவர் சேர்ந்து வேலை செய்து பழகியிருக்க வேண்டும். மூன்று மாதப் பயணங்கள் இதற்காகத்தான்.

கத்தி பிடிக்கக் கற்றது எப்படி?

"எல்லாம் புத்தகத்தில் இருக்கிறதே, கம்ப்யூட்டரில் வருகிறதே, நேரில் ஏன் போக வேண்டும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்கு நான் அக்காவிடமே ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டேன்: "அக்கா, நீங்கள் பால்மரம் வெட்டக் கற்றது எப்படி?"

பழைய ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று, கையைப் பிடித்துக் காட்டித்தான். பட்டையை எவ்வளவு சீவ வேண்டும், கத்தி எந்தச் சாய்வில் போக வேண்டும் என்பதைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் வராது. ஆழம் குறைந்தால் பால் இல்லை. ஆழம் மிகுந்தால் மரத்துக்குக் காயம்; அப்புறம் கங்காணியிடம் ஏச்சு. கைக்குத் தெரிய வேண்டிய வித்தை அது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

கடல் ஆராய்ச்சியும் அப்படித்தான். பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையில், தெலுக் பாஹாங் கடந்து, முக்கா ஹெட் என்ற இடம் இருக்கிறது. 1883-இல் கட்டிய கலங்கரை விளக்கம் அங்கே நிற்கிறது. அதற்குப் போகும் வழியில், கடற்கரையில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு மையம் உள்ளது. அங்கே 2015 முதல் ஒரு நுட்பமான கருவியை வைத்து, கடலுக்கும் காற்றுக்கும் நடக்கும் கொடுக்கல் வாங்கலை அளந்து வந்திருக்கிறார்கள். கடல் எவ்வளவு வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்கிறது, எவ்வளவு கரியமில வாயுவை வாங்குகிறது அல்லது விடுகிறது என்பதுதான் கணக்கு. காற்றின் ஒவ்வொரு சிறு அசைவையும் அந்தக் கருவி விநாடிக்குப் பல முறை பதிவு செய்கிறது.

நம்மைப் போன்ற வெப்ப நாட்டுக் கரையோரக் கடலில் இப்படி அளந்த கணக்கு உலகத்திலேயே குறைவு. ஆகவே பினாங்குக் கணக்கு உலகத்துக்குத் தேவை. ஆனால் உப்புக்காற்று பட்டுக் கருவி கெடும். மழைத்துளி பட்டுப் பொய்க் கணக்கு காட்டும். எது உண்மை எண், எது பொய் எண் என்று பிரித்தறிவது கைப்பழக்கம். அந்தப் பழக்கம் உள்ளவரோடு சில வாரம் உட்கார்ந்தால் வருவது, தனியே உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் தடவினாலும் வராமல் போகலாம்.

ஏன் மூன்று மாதம் மட்டும்?

அக்காவின் மனத்தில் இருந்த பெரிய பயம் பணம் அல்ல. "போனவ திரும்பி வருவாளா தம்பி?" என்பதுதான். வெளிநாடு போன எத்தனையோ பிள்ளைகள் அங்கேயே தங்கிவிட்டதை நாம் பார்த்திருக்கிறோம். பெற்ற வயிறு பயப்படத்தான் செய்யும்.

இந்தப் பயம் ஒரு பெரிய விஞ்ஞானிக்கும் வேறு வடிவத்தில் வந்தது. இன்றைய பாகிஸ்தானில் பிறந்த அப்துஸ் ஸலாம் இங்கிலாந்தில் படித்துவிட்டு, 1951-இல் லாகூருக்குத் திரும்பி ஆசிரியரானார். அங்கே தன் துறையைப் பற்றிப் பேச ஆள் இல்லை. புது ஆய்வுகள் வந்து சேரவில்லை. தாய்நாட்டில் இருந்தால் விஞ்ஞானம் போகும், விஞ்ஞானத்தோடு இருந்தால் தாய்நாடு போகும் என்ற நிலை. 1954-இல் மனம் வருந்தி மறுபடி இங்கிலாந்துக்குப் போனார்.

தனக்கு வந்த இந்தச் சங்கடம் பின்னால் வருபவர்களுக்கு வரக்கூடாது என்று அவர் எண்ணினார். 1964-இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் ஓர் ஆய்வு மையம் அமைத்தார். ஏழை நாட்டு விஞ்ஞானி சில வாரம் முதல் சில மாதம் வரை அங்கே வந்து தங்கலாம்; உலகத்துப் பெரியவர்களோடு கலந்து வேலை செய்யலாம்; பிறகு தன் நாட்டுக்கே திரும்பலாம்; சில ஆண்டுகளில் மறுபடியும் வரலாம் என்று ஒரு திட்டம் வைத்தார். 1979-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

ஆகவே பயணம் குறுகியதாக இருப்பது கஞ்சத்தனத்தால் அல்ல. பிள்ளை தன் ஊரிலேயே வேர் விட்டு இருக்க வேண்டும், அதே நேரத்தில் உலகத்தோடு தொடர்பும் அறுந்துவிடக்கூடாது என்பதற்காகவே அப்படி வைத்தார்கள். நெடுங்காலம் போனால் நாற்றைப் பிடுங்கி வேறு வயலில் நட்டது போல. மூன்று மாதம் போய் வருவது, பக்கத்து வயலில் விதை வாங்கி வருவது போல.

திரும்பி வந்த ஒரு பெண்

தோட்டப்புறத்துக்கு நெருக்கமான ஓர் உதாரணம் சொல்கிறேன். அன்னா மணி என்ற பெண்மணி 1918-இல் கேரளத்தின் பீர்மேட்டில் பிறந்தார். தேயிலையும் ஏலக்காயும் விளையும் மலைப்பகுதி அது. அவர் கூலி வீட்டுப் பிள்ளை அல்ல. தந்தை பொறியாளர், ஏலத்தோட்டமும் வைத்திருந்தவர். ஆனால் அந்த வீட்டிலும் பெண்ணுக்குப் படிப்பைவிடக் கல்யாணமே முதல் என்ற எண்ணம் இருந்தது. எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டு வழக்கப்படி வைரத்தோடு கொடுத்தார்கள். அந்தச் சிறுமி அது வேண்டாம் என்று சொல்லி, கலைக்களஞ்சியப் புத்தகங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டாளாம்.

அன்னா மணி சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். சர். சி. வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார். 1945-இல் அரசு உதவியோடு லண்டன் போய், வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றார். 1948-இல் திரும்பி வந்து இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். அப்போது சிறு கருவிகூட வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். அவர் ஏறத்தாழ 100 வகை வானிலைக் கருவிகளுக்கு வரைபடம் ஒழுங்கு செய்து, உள்நாட்டிலேயே செய்ய வழி வகுத்தார். அவர் போனது மூன்று மாதம் அல்ல, மூன்று ஆண்டு. ஆனால் கற்றதை ஊருக்குக் கொண்டுவருவது என்றால் என்ன என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி இல்லை.

கடலை அளக்கும் வேலையும் அந்தக் காலத்தில் நடந்தது. 1959 முதல் 1965 வரை இந்தியப் பெருங்கடலைப் பல நாட்டுக் கப்பல்கள் சேர்ந்து அளந்தன. பம்பாயில் ஓர் அனைத்துலக வானிலை மையமும் அமைந்தது. அந்தப் பெரும் பயணத்தின் பலனாகத்தான் 1966 ஜனவரி 1-இல் இந்தியாவின் தேசியக் கடலியல் ஆய்வு நிலையம் பிறந்தது; கோவாவில் இன்றும் நடந்து வருகிறது. வெளிநாட்டார் வந்து அளந்துவிட்டுப் போன கடலை, அதன் கரையில் வாழ்பவர்களே அளக்கத் தொடங்கினார்கள்.

உதவித்தொகை என்றால் என்ன?

இனி விஷயத்துக்கு வருவோம். 1957-இல் தொடங்கிய 'ஸ்கோர்' என்னும் அனைத்துலகக் கடலாராய்ச்சிக் குழுவும், 1999-இல் உருவான 'போகோ' என்னும் உலகக் கடல் ஆய்வு நிலையங்களின் கூட்டமைப்பும் சேர்ந்து, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் உதவித்தொகையை ஏற்படுத்தின. வளரும் நாடுகளின் இளம் விஞ்ஞானிகள், ஆய்வு மாணவர்கள், கருவி இயக்கும் தொழில்நுட்பர்கள் ஆகியோருக்கு உரியது அது. ஒன்று முதல் மூன்று மாதம் வரை வேறொரு நாட்டுக் கடல் ஆய்வு நிலையத்தில் தங்கிக் கற்கலாம். போகவர விமானச் செலவும், தங்கும் சாப்பாட்டுச் செலவுக்கு உதவியும் கிடைக்கும். பட்டம் வாங்குவதற்கு அல்ல, வேலை கற்பதற்கு.

அந்த உதவியைக் கொடுப்பவர்கள் கேட்பது நான்கு விஷயங்கள்.

முதலாவது, போய் என்ன கற்கப் போகிறாய் என்ற தெளிவான திட்டம். 'கடலைப் பற்றி' என்று பொதுவாக எழுதினால் போதாது. எந்த அளவீடு, எந்தக் கணக்கு என்று சொல்ல வேண்டும்.

இரண்டாவது, "வா, சொல்லித் தருகிறோம்" என்று அங்குள்ள நிலையத்தின் கடிதம். ஆகவே மனுவுக்கு முன்பே அங்குள்ள விஞ்ஞானிக்கு எழுதிப் பழக வேண்டும்.

மூன்றாவது, "இவர் எங்களிடம் வேலை செய்கிறார், திரும்பி வந்து இதைப் பயன்படுத்துவார்" என்று இங்குள்ள நிலையத்தின் கடிதம்.

நான்காவது, முடிந்த பிறகு என்ன கற்றேன் என்ற அறிக்கை.

மூன்றாவது விஷயத்தைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். திரும்பி வருவதை எதிர்பார்த்துத்தான் உதவியே கொடுக்கிறார்கள்.

எந்த நாட்டவர் மனுச் செய்யலாம், என்ன துறைக்கு முன்னுரிமை என்பவை மாறக்கூடியவை. அந்தந்த முறை வரும் அறிவிப்பைப் பிள்ளையோடு உட்கார்ந்து படித்துக்கொள்ளுங்கள். எதிர்த்திசைப் பயணமும் உண்டு. அனுபவம் உள்ள விஞ்ஞானிகளை வளரும் நாடுகளுக்கு அனுப்பிப் பாடம் சொல்ல வைக்கும் திட்டத்தையும் 'ஸ்கோர்' குழு நடத்தியிருக்கிறது. கடல் அறிவு ஒருவழிப் பாதை அல்ல.

பெற்றோர் கேட்க வேண்டியவை

அக்காவின் மகன் ஒருமுறை வெளிநாட்டு வேலை என்று நம்பி, ஓர் ஏஜெண்டிடம் சேமிப்பைக் கொடுத்து ஏமாந்தவர். அந்தக் காயம் வீட்டில் இன்னும் ஆறவில்லை. ஆகவே இதைத் தெளிவாகச் சொல்கிறேன். நான் மேலே சொன்ன உதவித்தொகைக்கு இடையில் ஏஜெண்டு கிடையாது. "இவ்வளவு வெள்ளி கட்டு, இடம் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது வந்தால், வாசலிலேயே வழியனுப்பி வையுங்கள்.

பிள்ளையிடம் அமைதியாக உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஊர், எந்த நிலையம்? யார் சொல்லித் தருகிறார்கள்? தங்குமிடம் எது? உதவித்தொகை போதவில்லையென்றால் மிச்சம் எவ்வளவு, அதை யார் தருவது? உடம்புக்கு வந்தால் காப்புறுதி உண்டா? இங்கே வேலை அப்படியே இருக்குமா, சம்பளம் வருமா? திரும்பி வந்தபின் என்ன செய்வாய்? இத்தனைக்கும் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளை, போய்வரவும் தெரிந்த பிள்ளை. பதில் சொல்லத் தடுமாறினால் கோபிக்க வேண்டாம். விசாரித்து வரச் சொல்லுங்கள். அதுவும் மனுவுக்கான தயாரிப்புத்தான்.

கல்யாணப் பேச்சைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மூன்று மாதம் என்பது ஒரு நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் நாம் சாதாரணமாக விடும் இடைவெளியைவிடக் குறைவு. அதைப் பொறுக்க மாட்டாத சம்பந்தம், பின்னால் அவள் வேலைக்குப் போவதைப் பொறுக்குமா என்று யோசிக்க வேண்டும். இதே பயணம் மகனுக்கு வந்திருந்தால் நாம் இவ்வளவு தயங்கியிருப்போமா என்றும் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். இதை எழுதும்போது என் மனமும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

இளம் பிள்ளைகள் உள்ள வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. கடல் விஞ்ஞானி ஆவதற்குக் கடலோரத்தில் பிறக்க வேண்டியதில்லை. கணிதமும் பௌதிகமும் இரசாயனமும் உயிரியலும்தான் அடிப்படை. எழுதவும் பேசவும் மொழி வேண்டும். பள்ளி விடுமுறையில் ஒருநாள் ஜார்ஜ் டவுனிலிருந்து தெலுக் பாஹாங்குக்குப் பஸ்ஸில் போங்கள். பினாங்கு தேசியப் பூங்கா அலுவலகத்தில் பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு நடங்கள். வழியில் அந்தக் கடல் ஆய்வு மையத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 'இங்கே வேலை செய்பவர்கள் யார்?' என்று ஒரு பிள்ளை கேட்டால், அந்தப் பயணத்துக்கான பஸ் கூலி வசூலாகிவிட்டது.

இத்தனையையும் விசாரித்து முடித்து, போன வாரம் அக்காவுக்கு டெலிபோன் செய்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், "அந்த சுனாமி அன்னிக்கு எங்க அண்ணன் குடும்பம் பத்து பிரிங்கிக்குப் போக இருந்திச்சு தம்பி. புள்ளைக்குக் காய்ச்சல்னு போகல. அந்தக் காய்ச்சல்தான் அவங்களைக் காப்பாத்திச்சு" என்றார். கொஞ்ச நேரம் பேச்சு இல்லை.

பிறகு அவரே சொன்னார்: "காய்ச்சலை நம்பிக்கிட்டு இருக்க முடியுமா? யாராச்சும் படிச்சு வச்சாத்தானே நமக்குச் சொல்லுவாங்க. மனு போடச் சொல்லிட்டேன். கிடைக்குதோ இல்லையோ, போடட்டும். மாப்பிள்ளை வீட்டுக்கும் சொல்லியாச்சு. கிடைச்சா, மூணு மாசத்துக்கு வேணுங்கிற மிளகாய்த்தூளை நானே வறுத்து அரைச்சுக் குடுத்துடுவேன். அங்கே போய் என்னத்தைச் சாப்பிடுவாளோ!"

மனு போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. போட்டி பெரிது, கிடைக்காமலும் போகலாம். கிடைக்காவிட்டால் அடுத்த முறை போடுவாள். தண்ணீர்மலை முருகன் துணையிருக்கட்டும்.

அடுத்த மாதம் சந்திப்போம்.